நண்பகல் வயல்நீரும் பறந்துபோகும் நைதரசனும்

ஐம்பது கிலோ யூரியா மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நீர் தேங்கிய நெல்வயலில் அதை மேலால் வீசினால், பயிரைச் சேர்வது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவே. மிகுதி போகும் வழிகளில் முதன்மையானது காற்று.

நீரில் கரையும் யூரியாவை, மண்ணிலும் நீரிலும் உள்ள யூரியேசு என்னும் நொதியம் சில நாட்களிலேயே அமோனியமாக மாற்றிவிடுகிறது. அமோனியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பறக்காது. ஆனால் பகல் ஏற ஏற, வயல்நீரிலுள்ள பாசி ஒளித்தொகுப்புக்காகக் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை உயர்கிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆக இருக்கையில், அமோனியத்தில் பறந்துபோகக்கூடிய அமோனியா வாயு வடிவத்துக்கு மாறியிருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, நண்பகலில் பி.எச். 9 ஐ எட்டினால், 25 பாகை செல்சியசிலேயே அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். வெப்பம் கூடக்கூட அந்தப் பங்கும் கூடுகிறது, நொதியமும் விரைகிறது. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், தம்பலகாமத்திலோ மூதூரிலோ வறண்ட காலச் சிறுபோகம் செய்பவர்களுக்கு, தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று நீர்ப்பரப்பை ஓயாமல் துடைத்துச் செல்வது இன்னொரு பாதகம்.

மழைக்காலப் பெரும்போகத்தில் இழப்பின் வழி வேறு. மழை பிந்தி வயல் காய்ந்தால், ஒட்சிசன் புகுந்த மண்ணில் பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக்குகின்றன. பிறகு ஒரேயடியாகக் கொட்டும் மழையில் மண் மூழ்கும்போது, வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாகவும், ஒரு பகுதியை நைதரசு ஒட்சைட்டாகவும் வெளியேற்றுகின்றன. பின்னையது நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும் வாயு. வறட்சியும் கனமழையும் மாறிமாறி வரும் காலநிலையில் இந்தச் சுழற்சி அடிக்கடி நிகழும்.

ஆகவே மூடைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, பசளை விழும் இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதே பயன் தரும் என்பது என் கருத்து. பங்களாதேசத்தில் யூரியாவைப் பெரிய உருண்டைகளாக்கி, 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைக்கிறார்கள்; ஒட்சிசனற்ற அந்தச் சேற்றில் அமோனியம் அமோனியமாகவே நிற்கிறது. விதைத்த வயலில் ஆளுக்கும் கூலிக்கும் இது எளிதன்று. அங்கே, நிற்கும் நீரை வடியவிட்டு, பசளையிட்டவுடன் வாய்க்கால் நீரைப் பாய்ச்சினால், நீரோடு யூரியாவும் மண்ணுக்குள் இறங்கும். இலை வண்ண அட்டையில் பச்சையை ஒப்பிட்டுப் பார்த்து, பல தடவைகளாகப் பிரித்து இடுவது அடுத்த படி. கனமழை அறிவிப்பு இருந்தால் ஓரிரு நாள் பொறுப்பதும் அதோடு சேர்ந்ததே.

கந்தளாய்க் குளத்து நீரை மிச்சப்படுத்த வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இம்முறை மீதேனைக் குறைத்தாலும் நைதரசு ஒட்சைட்டைக் கூட்டக்கூடும். வயல் காயப்போகும் நேரத்தில் யூரியா இடாமல், நீர் மீண்டும் வரும் நாளுக்கு அதை வைத்திருப்பது இந்த இழப்பைக் குறைக்கும்.