வளைவில் பஸ்ஸைத் திருப்புவது எது?

இலங்கை மலையகத்தின் றம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பும்போது நிற்பவர்கள் எல்லோரும் வெளிப்பக்கம் சாய்வார்கள். "வெளியே தள்ளுது" என்பார்கள். தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. சடத்துவத்தால் உடல் நேரே போகப் பார்க்கிறது, அதற்குள் பஸ் உள்ளே திரும்பிவிடுகிறது. கம்பியைப் பிடித்த கைதான் உடலையும் உள்ளே இழுத்து வருகிறது. பாடப்புத்தகம் மையநாட்ட விசை என்று சொல்வது இந்த இழுவையைத்தான். அது தனியாக ஒரு விசை அல்ல. கையோ, டயரின் உராய்வோ, தண்டவாளமோ ஏதாவது ஒன்று அந்த வேலையைச் செய்தாக வேண்டும். மிதிபலகையில் தொங்குபவரின் பிடி நழுவினால் அவர் அந்த இடத்துத் தொடுகோட்டில் நேரே போவார்.

எவ்வளவு விசை வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரையால் வகுத்தால் ஆர்முடுகல் கிடைக்கும். அதைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால், வேண்டிய விசை நிறையில் எத்தனை பங்கு என்று தெரியும். 15 மீற்றர் ஆரையுள்ள கொண்டையூசி வளைவில் மணிக்கு 20 கிலோமீற்றரில் திரும்பும் பஸ்ஸுக்கு, அதன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு (0.21) உள்நோக்கி வேண்டும். 30 கிலோமீற்றரில் அது 0.47, 40இல் 0.84. வேகம் இரட்டித்தால் தேவை நான்கு மடங்கு. கண் மதிப்பில் ஓட்டுபவர்களை ஏமாற்றுவது இந்த வர்க்கம்தான்.

உலர்ந்த தார் வீதியில் டயரின் உராய்வுக் குணகம், அதாவது நிறையில் எத்தனை பங்கு வரை டயர் பிடிக்கும் என்பது, ஏறத்தாழ 0.7, நனைந்தால் 0.4 அளவு. தேய்ந்த டயர், வீதியில் வழிந்த சேறு, சிந்திய டீசல் என்றால் இன்னும் குறையும். ஆகவே அதே வளைவில் வழுக்கும் எல்லை உலர்ந்த நாளில் மணிக்கு 36 கிலோமீற்றர், மழையில் 27.

ஆனால் பஸ்ஸுக்கு இன்னொரு எல்லையும் உண்டு: கவிழ்வது. இரு பக்கச் சில்லுகளுக்கு இடையே 2 மீற்றர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 1.2 மீற்றர் என்று வைத்தால், நிறையின் 0.83 மடங்கு பக்கவிசை வரும்போதுதான் உட்பக்கச் சில்லு தூக்கும். ஆட்கள் நின்று, கூரையில் மரக்கறி மூட்டையும் ஏறி, மையம் 1.4 மீற்றருக்குப் போனால் அது 0.71. வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கி உடற்பகுதி சாய்வதால் உண்மையான எல்லை அதற்கும் கீழே. இதில் விசித்திரம் என்னவென்றால், மழையில் அந்த பஸ் முதலில் வழுக்கும், நல்ல வெயிலில் முதலில் கவிழும். டயர் நன்றாகப் பிடிப்பதால்தான் கவிழ்கிறது.

பிரேக்கை வளைவுக்கு முன்பே போட்டு முடிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. டயருக்கு உள்ளது ஒரே பிடி, அதிலிருந்துதான் நிறுத்தவும் திருப்பவும் வேண்டும். நனைந்த வீதியில் 0.4 பிடியில் 0.3ஐ பிரேக் எடுத்தால் திரும்ப மிஞ்சுவது 0.1 அல்ல, ஏறத்தாழ 0.26, இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இருப்பதால் வர்க்கக் கணக்கு. அப்படியும் எல்லை 27இலிருந்து 22க்கு விழுகிறது. இறக்கத்தில் சிறிய கியரைத் தவிர்த்து பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறி, வேண்டிய வளைவில் பிடிக்காது.

வீதியின் சரிவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளிப்பக்கம் 6 சதவீதம் உயர்ந்திருந்தால் 0.06 உதவி. நடு உயர்ந்து இருபுறமும் வடியும் வீதியில், இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில், வலப்பக்க வளைவு மோசம்: வாகனம் வெளிப்பக்கம் சரிந்த பாதியில் இருக்கும், அந்த உதவி எதிராகிவிடும்.

ரயிலில் கதை வேறு. மலையகப் பாதையின் மிகக் கூரிய வளைவுகள் 5 சங்கிலி, அதாவது ஏறத்தாழ 100 மீற்றர் ஆரை. அங்கே மணிக்கு 25 கிலோமீற்றரில் பக்கவிசையே தோன்றாதிருக்க வெளித்தண்டவாளம் ஏறத்தாழ 86 மில்லிமீற்றர் உயர வேண்டும். வேகமாக வந்தால் வெளித்தண்டவாளமும், ஏற்றத்தில் ஊர்ந்தால் உள்தண்டவாளமும் கூடுதல் பாரம் தாங்கும். ஒரே உயரம் எல்லா ரயிலுக்கும் பொருந்தாது.

தெமோதரையில் பதுளைக்கு இறங்கும் ரயில் குன்றைச் சுற்றிவந்து, தான் நின்ற நிலையத்துக்கே அடியில் சுரங்கத்தில் நுழைகிறது. இத்தகைய வளைவுகளில் கேட்கும் கிரீச்சொலிக்கு வேகம் காரணமல்ல. 100 மீற்றர் ஆரையில் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் வெளித்தண்டவாளம் சுமார் 1.7 மீற்றர் நீளம் கூட. ஆனால் இரு சில்லுகளும் ஒரே அச்சில் இறுகியவை, ஒரே எண்ணிக்கையில்தான் சுழலும். சில்லின் மேற்பரப்பு 20க்கு 1 என்ற கூம்புச் சரிவில் இருப்பதால், அச்சு வெளிப்பக்கம் நகர்ந்தால் வெளிச்சில்லு பெரிய விட்டத்தில் உருண்டு வித்தியாசத்தை ஈடுசெய்யும். பெரிய ஆரையில் இது போதும். 100 மீற்றர் ஆரையில், சில்லின் ஆரை 45 சென்ரிமீற்றர் என்றால், அச்சு ஏறத்தாழ 79 மில்லிமீற்றர் நகர வேண்டும். சில்லின் உட்பக்க விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியோ 10 மில்லிமீற்றர் அளவுதான். எனவே விளிம்பு வெளித்தண்டவாளத்தின் பக்கத்தை உரசித் தள்ள, சில்லுகள் சறுக்கிக்கொண்டே போகின்றன. அந்தச் சறுக்கல்தான் கிரீச்சிடுகிறது.

வெளித்தண்டவாளத்தின் உட்பக்கம் தேய்வதும் இதனால்தான். அந்தப் பக்கத்தில் கிறீஸ் பூசினால் தேய்வு குறையும், ஆனால் பக்கத்தில் மட்டும். தண்டவாளத்தின் தலைமேல் பட்டால், 44க்கு 1 ஏற்றத்தில் எஞ்சின் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும்.