எம்.எஸ். நோயாளிக்கு ஜீன் டெஸ்ட் தேவையா?

மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.). அது என்று தெரிந்ததும் சில குடும்பங்கள் நேராக ஜீன் டெஸ்டுக்குப் போய்விடுகின்றன. ரிப்போர்ட்டில் எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1*15:01 என்ற வரிக்கு நேரே 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். "அப்போ என்கிட்டேருந்துதான் வந்துச்சா டாக்டர்?" என்று கூட வந்த அம்மா கலங்கிப்போய்க் கேட்பார்.

இல்லை அம்மா. அந்த மரபணு வகை வாய்ப்பைச் சுமார் 3 மடங்கு கூட்டுகிறது, அவ்வளவுதான். அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எம்.எஸ். வருவதே இல்லை. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தாலும், மற்றவருக்கு வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. எந்த மரபணு எந்த செல்லில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். அது மாறிக்கொண்டே இருக்கும். பலருக்கும் தொற்றும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸின் ஒரு புரதம், எம்.எஸ்.ஸோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகள் பலவற்றில் போய் ஒட்டுகிறது, இதனால் அவற்றின் வேலை மாறலாம் என்று 2018-இல் தெரியவந்தது. 2022-இல் வந்த அமெரிக்க ராணுவத்தினர் பற்றிய ஆய்வில், இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்திருந்தது.

சிகிச்சைக்கு உதவிய ஒரு வெளிப்பாட்டு மாற்றமும் உண்டு. இன்டர்ஃபெரான் பீட்டா என்ற எம்.எஸ். மருந்தை ஊசியாகப் போட்ட சில மணி நேரத்தில், ரத்த வெள்ளையணுக்களில் எம்.எக்ஸ்.1 என்ற மரபணு கிடுகிடுவென வேலையைக் கூட்டும். சிலருக்கு உடல் அந்த மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கிவிடும். அப்போது ஊசி ஒழுங்காகப் போட்டாலும் எம்.எக்ஸ்.1 அசையாது. ஊசிக்குப் பின் ரத்தம் எடுத்துப் பார்த்தால், மருந்து வீணாகிறதா என்று கண்டுகொள்ளலாம்.

ஆனால் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இதே மரபணு எகிறும். ரிலாப்ஸுக்கு, அதாவது நோய் மறுபடி தாக்கும்போது, மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றிய நாட்களில் எடுத்த ரத்தத்தில் தெரிவது, பெரும்பாலும் ஸ்டீராய்டு செய்த மாற்றம். தவிர, ரத்தத்தில் நடப்பதும் மூளையில் நடப்பதும் ஒன்றல்ல. அதனால் மரபணு வெளிப்பாட்டை வைத்து எம்.எஸ்.ஸை உறுதி செய்வதாக யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள். நோயை உறுதி செய்ய எம்.ஆர்.ஐ., தண்டுவட நீரில் ஆலிகோக்ளோனல் பேண்ட் (ஆன்டிபாடிகள் காட்டும் பட்டைகள்), நரம்பியல் பரிசோதனை ஆகியவைதான்.

நம் ஊரில் நான் கூடுதலாக வற்புறுத்துவது, எம்.எஸ். போலத் தோன்றும் வேறு நோய்களைப் பிரித்துக் காட்டும் அக்குவாபோரின்-4, மாக் (MOG) ஆன்டிபாடி ரத்தச் சோதனைகளை. கண் பார்வை பலமாகப் பாதித்திருந்தாலோ தண்டுவடத்தில் நீளமான வீக்கம் இருந்தாலோ தள்ளிப்போடவே கூடாது. வந்திருப்பது கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா) நோயாக இருந்தால், இன்டர்ஃபெரான் பீட்டா போன்ற சில எம்.எஸ். மருந்துகள் நிலைமையை மோசமாக்கிவிடும்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: பெற்றோரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 2 முதல் 3 சதவீதம். இதற்காகப் பிள்ளைகளுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டாம். புகையும் எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும் என்பதால், வீட்டில் யாராவது புகைப்பவராக இருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.