லினக்ஸ்தானே என்று '@123' போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன கணக்கு அலுவலகம். உபுண்டு என்கிற லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒரு வாரமாக ஆமை வேகத்தில் நகர்கிறது, ஃபேன் இரைச்சல் நிற்கவே இல்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், யாரோ உள்ளே புகுந்து, அடுத்தவர் கம்ப்யூட்டரில் தங்களுக்குக் கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனர் மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"லினக்ஸ்ல வைரஸ் வராதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?" என்றார் பெரியவர்.

வைரஸ் வரவில்லை ஐயா. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்து முன்வாசல் வழியாகவே வந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு, முருகன் பெயர் ஆங்கிலத்தில், முதல் எழுத்து பெரிசு, பின்னால் @123.

"பெரிய எழுத்து இருக்கு, எண் இருக்கு, குறி இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

இந்தக் கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. படித்தவர்கள், ஐடியில் வேலை பார்ப்பவர்கள்கூட இதையே கேட்கிறார்கள். 'ஏ'வுக்குப் பதில் @, 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம், கடைசியில் பிறந்த வருஷம். இதெல்லாம் உங்களுக்கு மட்டும் தோன்றிய ரகசியம் இல்லை. 2009இல் சமூக வலைத்தளங்களுக்கான செயலிகள் செய்த ராக்யூ நிறுவனத்திலிருந்து சுமார் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே வந்துவிட்டன. அதிலிருந்து வடித்த, 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் கொண்ட பட்டியல் இன்று, பாதுகாப்புச் சோதனைக்கென்றே உள்ள காலி லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. ஜான் தி ரிப்பர், ஹாஷ்கேட் போன்ற பாஸ்வேர்டு உடைக்கும் மென்பொருள்கள் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, நீங்கள் செய்யும் அதே எழுத்து மாற்றங்களைத் தாமே செய்து பார்க்கும். சாமி பெயர், பிள்ளை பெயர், ஊர் பெயர் எல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடும். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், பெரிய எழுத்து, குறி என்று வற்புறுத்த வேண்டாம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று 2017இலேயே எழுதிவிட்டது. நம் அலுவலகங்களுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

வேண்டியது நீளம், அப்புறம் யாராலும் ஊகிக்க முடியாத தேர்வு. 'டைஸ்வேர்' முறையில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கும். ஆறு பக்கத் தாயக்கட்டையை ஐந்து முறை உருட்டி, விழுந்த எண்களைப் பட்டியலில் பார்த்தால் ஒரு சொல். அப்படி ஆறு சொற்கள் எடுங்கள், அவை சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. உருட்டித்தான் எடுக்க வேண்டும். மனசுக்குப் பிடித்ததைப் பொறுக்கினால் மறுபடி முருகனிடமே வந்து நிற்பீர்கள். பாட்டு வரி, பழமொழியும் வேண்டாம்.

நான் கவனித்த ஒன்று: கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினல் திரையில் பாஸ்வேர்டு அடிக்கும்போது பெரும்பாலும் நட்சத்திரக் குறிகூடத் தெரியாது. விழுந்ததா இல்லையா என்ற பயத்திலேயே பலர் சின்னதாக வைத்துவிடுகிறார்கள். விழும், நம்பி அடியுங்கள்.

எஸ்எஸ்ஹெச் வெளியே திறந்தே ஆக வேண்டுமா? பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும் முறைக்கு மாறுங்கள், பாஸ்வேர்டு நுழைவையே அடைத்துவிடுங்கள், எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கின் நுழைவையும் சேர்த்து. திரும்பத் திரும்பத் தப்பாக நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள். ஒரே கணக்கை நாலு பேர் பகிர வேண்டாம். இமெயிலுக்கு வைத்ததை இதற்கும் வைக்க வேண்டாம். கட்டளையோடு சேர்த்துப் பாஸ்வேர்டை அடிக்கவே அடிக்காதீர்கள், அடித்த கட்டளைகளைச் சேமித்து வைக்கும் பாஷ் ஹிஸ்டரியில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். லாகின் பாஸ்வேர்டு டிஸ்க்கைப் பூட்டாது. நேரடியாக அதிலிருந்தே லினக்ஸை ஓட்டக்கூடிய ஒரு லைவ் யுஎஸ்பி இருந்தால் உங்கள் கோப்புகளை யாரும் படிக்கலாம். எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வருகிறீர்களே, அப்போது காப்பாற்றுவது லக்ஸ் என்கிற டிஸ்க் குறியாக்கம்தான். லினக்ஸை நிறுவும்போதே அதைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் போடுவது பெரும்பாடு.

பெரியவரின் கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் புதிதாக நிறுவினேன். உள்ளே வேறு என்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? பேரனின் லூடோ பெட்டியிலிருந்து தாயம் வந்தது. அவரே முப்பது முறை உருட்டினார். ஆறு சொற்களையும் சீட்டில் எழுதி, "எழுதி வைக்கக் கூடாதுன்னு சொல்வாங்களே தம்பி?" என்று தயங்கினார். மானிட்டரில் ஒட்டத்தான் கூடாது ஐயா. வீட்டுப் பீரோவில், பத்திரங்களோடு வையுங்கள் என்றேன்.