ஸ்கோர்: குச்சியில வெட்டுன கோடும் கெட்டிமேளமும்

போன வாரம் கூட்டாளி ஒருத்தன் புதுசா ஒரு கேம் வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு "மாப்ள, அதோட ஸ்கோர் எப்படிடா"ன்னு கேட்டான். நான் பாட்டுக்கு "92"ன்னு அனுப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு "மியூசிக்க கேட்டேன்டா லூசு"ன்னு வருது. தப்பு அவன் மேலயும் இல்ல என் மேலயும் இல்ல, அந்த வார்த்தை அப்படி. கேம்ல நாம எடுக்குற பாயிண்டும் ஸ்கோர், ரிவ்யூக்காரங்க கேமுக்குப் போடுற மார்க்கும் ஸ்கோர், பின்னாடி ஓடுற இசையும் ஸ்கோர். தமிழ்ல இது மூணுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கு, ஆனா நாமதான் மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிக்கிட்டு இருக்கோம்.

வேரு எங்கன்னு பாத்தா வடக்கு ஐரோப்பாவுல. பழைய நார்ஸ் மொழியில 'ஸ்கோர்'னா வெட்டுத் தடம், அதாவது கணக்குக்காக ஒரு குச்சியில கத்தியால போடுற கோடு. ஆடு மாட்ட எண்ணும்போது இருபது ஆனதும் ஒரு வெட்டு போடுவாங்களாம், அதனாலதான் இங்கிலீஷ்ல இருபதுக்கும் ஸ்கோர்னு பேர் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அந்த ஊர் அரசாங்கமே ரொம்ப காலம் வரிக்கணக்க இப்படி வெட்டுக்குச்சியிலதான் வச்சிருந்துச்சு. 1834ல இனி வேணாம்னு பழைய குச்சியெல்லாம் மொத்தமா அடுப்புல போட்டு எரிக்கப் போய், அந்த நெருப்புல லண்டன் பார்லிமெண்ட் கட்டடமே எரிஞ்சு போச்சு. ஸ்கோர் டெலீட் பண்ணப் போய் சர்வரையே கொளுத்துன கதை.

இருபதுன்னதும் எனக்கு நம்ம ஊரு மா ஞாபகம்தான் வந்துச்சு. பழைய தமிழ்க் கணக்குல மான்னா இருபதுல ஒரு பங்கு, இருபது மா சேந்தா ஒரு வேலி. டெல்டாவுல இன்னிக்கும் பெருசுங்க ஏக்கர்ல பேச மாட்டாங்க, "எத்தன மா வச்சிருக்க"ன்னுதான் கேப்பாங்க, ஒரு மான்னா சுமாரா 33 சென்ட். ரெண்டு ஊருக்கும் சொந்தம் ஒண்ணும் கிடையாது. விரலையும் கால் விரலையும் சேத்து எண்ணுனா எந்த ஊர்லயும் இருபதுதான.

கோடு போட்டுக் கணக்கு வைக்கிறதும் நமக்குப் புதுசில்ல. எங்க அப்பாயி அடுப்படி சுவத்துல கரிக்கட்டியால தெனம் காலையில பாலுக்கு ஒரு கோடு இழுக்கும், மாசக் கடைசியில பால்காரரும் அப்பாயியும் குனிஞ்சு நின்னு ஒண்ணொண்ணா எண்ணுவாங்க, அவரு ஒண்ணு கூட சொல்லுவாரு, அது ஒண்ணு கொறைச்சு சொல்லும், கணக்கு தீந்ததும் சாணியால மொழுகிட்டு மறுநாள் மறுபடியும் முதக் கோடு. வீட்டுல நான் பாத்த முத ஸ்கோர்போர்டு அதுதான், ரீசெட் பட்டன் சாணி.

சரி, கேமுக்கு வருவோம். ஆடும்போது நாம எடுக்குற ஸ்கோருக்குத் தமிழ்ல புள்ளி. கபடிக்கும் புள்ளிதான். பாயிண்டுன்னாலும் பொட்டு, புள்ளின்னாலும் பொட்டு, அப்படியே உக்காந்திடுது. 1978ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல மேல 'ஹைஸ்கோர்'னு ஒரு நம்பர் நிக்கும், யாரோ முகம் தெரியாத ஒருத்தன் விட்டுட்டுப் போன நம்பர், அத தாண்டணும்னே ஆளுங்க காச கொட்டுனாங்க. பேக்மேன்ல அதிகபட்சமா எடுக்கக்கூடிய புள்ளியே 33,33,360 தான், அதுக்கு மேல ஏறாது, ஏன்னா 256வது லெவல்ல பாதி ஸ்கிரீன் குப்பையாயிடும். எங்க செட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் டிவியில மாட்டுற கேசட் வழியா வந்துச்சு, மேல '9999 கேம்'னு போட்டிருக்கும், உள்ள போனா திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினஞ்சுதான்.

இப்ப ரிவ்யூ ஸ்கோர். எனக்குக் கோவம் வர்ற எடம் இதுதான். புத்தகத்தமிழ்ல இதுக்கு மதிப்பெண். பள்ளிக்கூட வாடை அடிச்சாலும் நல்ல வார்த்தைதான், மதிப்பு கூட எண்ணு சேந்தது. ஆனா மதிப்புன்னா என்னன்னு டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேணாம். கதிர் சாயிற நேரத்துல வரப்புல நின்னு ஒரு பார்வை பாத்துட்டு "மாவுக்கு 8 மூட்டை தேறும்"னு சொல்றாங்கள்ல, அது மதிப்பு, கண்மதிப்பு. அப்பறம் அறுத்து, அடிச்சு, தூத்தி, அளந்து கையில நிக்கிறதுக்கு வேற பேரு, கண்டுமுதல். ஒரு தடவ எங்க தாத்தா 8ன்னு மதிப்பு போட்ட வயல்ல அறுப்பு நேரத்துல மழை புடிச்சு கதிரெல்லாம் படுத்துருச்சு, கண்டுமுதல் 5 தான். மதிப்பு பொய்னு அவரு சொல்லல, "அன்னிக்கு வயலு அப்படி இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னாரு.

கேம் ரிலீசாவுறதுக்கு முன்னாடி வர்ற மார்க் எல்லாம் மதிப்பு, கண்டுமுதல் கிடையாது. 2020 டிசம்பர்ல வந்த சைபர்பங்க் 2077 தான் இதுக்குப் பெரிய சாட்சி. ரிலீசுக்கு முன்னாடி ரிவ்யூக்காரங்க கைக்குப் போனது பிசி காப்பி, மார்க் 90ஐ ஒட்டி நிக்குது, பழைய பிளேஸ்டேஷன் 4ல போட்டவனுக்கு முகம் வர்றதுக்குள்ள மீசை வருது, மரம் அந்தரத்துல நிக்குது, கொஞ்ச நாள்லயே சோனி தன் கடையிலேர்ந்தே தூக்கிட்டாங்க, திரும்ப வந்தது மறு வருசம் ஜூன்ல. வயல் ஒண்ணு, பாத்த வரப்பு வேற.

இந்த நம்பர்ல பணமும் தொங்குது. ஃபால்அவுட் நியூ வேகாஸ் கேம செஞ்ச அப்சிடியன் கம்பெனிக்கு, எல்லா ரிவ்யூ மார்க்கையும் சேத்து சராசரி போடுற மெட்டாகிரிட்டிக்ங்கிற சைட்டுல 85 வந்தா போனஸ்னு பேச்சு, வந்தது 84. ஒரு புள்ளி. அங்க வேல பாத்த கிறிஸ் அவலோனே 2012ல இத வெளியில சொன்னாரு. நெல்லுக்காச்சும் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்னு ஒரு கணக்கு, பாக்க ஒரு மீட்டர் இருக்கு. 84க்கும் 85க்கும் நடுவுல இருக்குற ஈரத்த எந்த மீட்டர்ல பாக்குறது? ஜப்பான்ல ஃபாமிட்சு பத்திரிகை நாலு பேர உக்கார வச்சு ஆளுக்கு பத்துன்னு 40க்கு மார்க் போடும், முத முழு 40 வாங்குனது 1998ல வந்த ஸெல்டா. நாலு பேரு நாலு மூஞ்சின்னு தெரியுதுல்ல, எனக்கு அந்த முறை பரவால்ல.

அதனால நான் செய்றது இதுதான்: நெட்டுல வர்ற நம்பர மதிப்புன்னு சொல்றேன், நானா ஆடி முடிச்சுட்டு சொல்றத கண்டுமுதல்னு சொல்றேன். வயசு ரேட்டிங் முழுசா வேற சரக்கு. மார்டல் காம்பேட் மாதிரி கேமுங்க மேல 1993ல அமெரிக்க செனட்ல விசாரணை நடந்து, மறு வருசம் பொறந்த ஈஎஸ்ஆர்பிங்கிற அமைப்பு, எந்த வயசுக்காரங்களுக்கு ஏத்த கேம்னு ஒட்டுற முத்திரை அது, ஐரோப்பாவுல அதுக்குப் பேரு பெகி. தமிழ்ல வயது வகைன்னு சொல்லிட்டுப் போயிடலாம், அத தரம்னு சொல்றவங்கதான் கொழப்புறாங்க. 18 போட்ட கேம் மட்டமான கேம் இல்ல.

இசைக்கு ஏன் ஸ்கோர்னு பேர்? மேற்கத்திய சங்கீதத்துல வயலினுக்கு ஒரு வரி, குழலுக்கு ஒரு வரின்னு அடுக்கி எழுதி, எல்லாத்தையும் சேத்து மேலேர்ந்து கீழ ஒரே கோடா இழுப்பாங்க. அந்தக் கோட்டாலதான் காகிதத்துக்கு ஸ்கோர்னு பேர், அப்பறம் காகிதத்துல இருந்த இசைக்கே பேராயிடுச்சு. காகிதத்துக்கு சுரக்குறிப்பு, இசைக்கு பின்னணி இசை, நாம தெனம் சொல்றது பிஜிஎம். பிஜிஎம்ம மாத்தச் சொல்லி நான் யார் கூடயும் சண்டைக்குப் போகல, டீக்கடை வரைக்கும் போயிருச்சு அது. சவுண்ட்ட்ராக்னா பட ஃபிலிம் ஓரத்துல ஒலிய பதிஞ்சு வைக்கிற ஒல்லிப் பட்டை, அதுவும் ஒரு கோடுதான் பாருங்க.

ஆனா கேம் பிஜிஎம்மும் சினிமா பிஜிஎம்மும் ஒண்ணு கெடயாது. சினிமாவுல எத்தனாவது நிமிசம் ஹீரோ திரும்புவான்னு இசையமைப்பாளருக்குத் தெரியும். கேம்ல நான் எப்ப கதவ தொறப்பேன்னு எனக்கே தெரியாது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல நாலே நாலு சுரம் இறங்கி இறங்கி வரும், எதிரி கொறையக் கொறைய அது வேகமெடுக்கும், மாரியோவுல நேரம் 100க்குக் கீழ போனதும் பாட்டு ஓட்டமெடுக்கும். 1991ல மங்கி ஐலண்ட் 2ங்கிற கேமுக்கு லூகாஸ் ஆர்ட்ஸ்காரங்க ஐமியூஸ்னு ஒரு சிஸ்டமே செஞ்சாங்க, ஒரு கடைக்குள்ள நுழைஞ்சா வெளிய ஓடிட்டிருந்த மெட்டு அறுபடாம அந்தக் கடைக்கு ஏத்த மாதிரி மாறிக்கும்.

இதப் படிச்சப்ப நான் பெருசா அசரல, ஏன்னா நம்ம நாகஸ்வரக்காரங்க செய்றது இதுதான். சாமி புறப்பாடுன்னா கம்பீரநாட்டை ராகத்துல மல்லாரின்னு ஒரு உருப்படி, தேருக்குத் தேர் மல்லாரி, மடப்பள்ளியிலேர்ந்து நைவேத்தியம் வந்தா தளிகை மல்லாரி. எதுவும் கடிகாரம் பாத்து வர்றதில்ல, சாமி நகந்தா இசை மாறும், தேர் நின்னா இவங்களும் அங்கயே நின்னு ஊதுவாங்க. கும்பகோணத்துல சித்தப்பா மக கல்யாணத்துல மேளக்காரர் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். ராகத்த மெதுவா இழுத்துக்கிட்டே இருக்காரு, கண்ணு மட்டும் ஐயர் கை மேல. ஐயர் விரல ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னாரு. ராகம் எந்த எடத்துல நின்னுச்சுன்னே தெரியல, தவில் ரெண்டும் ஒரே நேரத்துல எறங்குது, அட்சதை பறக்குது, தாலி ஏறுனதும் ஐயர் கை தாழுது, தவில் அமுங்குது, அவரு பழையபடி ராகத்துக்குள்ள போயிட்டாரு. பின்னாடி இருந்த தம்பி காதுல "டிரிகர் ஆயிடுச்சுடா"ன்னேன், பக்கத்துல இருந்த அத்தை மொறைச்சாங்க.

இந்த மாதிரி இசைக்குத் தகவமை இசைன்னு ஒரு சொல்ல பாத்தேன், வாயில ஒட்டல. நிலவரத்துக்கு ஏத்த மேளம்னு நான் சொல்லிக்கிறேன், எங்க செட்டுல ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டாங்க.

அந்த 92 கேம நானும் வாங்கிட்டேன், கூட்டாளி தெனம் கேக்குறான். 14 மணி நேரம் ஆடியிருக்கேன். பிஜிஎம் நல்லாருக்குடா, சண்டை வரும்போது தவில் மாதிரி எறங்குதுன்னு சொல்லியிருக்கேன். மத்தது இன்னும் களத்துக்கு வரல.