கறாரான வாத்தியார் 'பாயின்ட் டூ டூ'

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு முதல் தடவை துப்பாக்கி சுட்ட காலைப்பொழுது மறக்காது. தரையில் குப்புறப் படுத்து, தோள்பட்டை தெறிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு டிரிக்கரை இழுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம். தோளில் லேசாகத் தட்டியதுபோல் ஓர் அசைவு. இவ்வளவு கனமான துப்பாக்கிக்கு இவ்வளவுதானா என்றிருக்கும். அந்தச் சாதுவான .22 தோட்டாவை (குழலின் விட்டம் சுமார் 0.22 அங்குலம், அதுதான் பெயர்) ராணுவங்கள் நூறு வருடத்துக்கும் மேலாகப் பயிற்சிக்கு வைத்திருந்ததற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. சுடத் தெரியாதவரை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிட்டனில் இதற்கு வேகம் கொடுத்தது 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர். தூரத்தில் பதுங்கிக் குறிபார்த்துச் சுட்ட போயர்களிடம் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) பிரிட்டிஷ் படை படாதபாடு பட்டது. ஊர் மக்களுக்கும் சுடக் கற்றுத்தர வேண்டும் என்று தளபதி லார்ட் ராபர்ட்ஸ் வற்புறுத்த, சிறு துப்பாக்கிக் கழகங்கள் பெருகின. ராணுவத்தின் பெரிய தோட்டாவான .303ஐச் சுடுவதற்குப் பரந்த வெட்டவெளி வேண்டும். .22க்கு ஒரு நீளமான கூடமே போதும்.

சரி, படையின் கையில் இருப்பதோ .303 சுடும் லீ என்ஃபீல்ட் என்ற பெரிய துப்பாக்கி. அதில் இந்தப் பொடித் தோட்டாவைச் சுடுவது எப்படி? குழலைக் குடைந்து அகலமாக்கி, உள்ளே .22 அளவுள்ள இன்னொரு குழலைச் செருகிப் பொருத்தினார்கள். எடையும் பிடியும் மாறவில்லை. ஆனால் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் உருளையான போல்ட்டின் தலையை மாற்றியே ஆக வேண்டும். .303 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்கிறது. .22ல் அது அடிப்பாகத்தைச் சுற்றி மடித்த உள்கூடான விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். போல்ட்டிலுள்ள ஊசி நடுவில் குத்தினால் ஒன்றும் நடக்காது, விளிம்பை நசுக்க வேண்டும். சுட்டு முடித்த வெற்றுக் கூட்டை எடுத்துப் பாருங்கள்: ஓரத்தில் நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு பள்ளம் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1918ல் வந்த மாதிரி. .303 தோட்டா வடிவில் ஓர் உலோகக் கூடு செய்து, அதற்குள் .22 தோட்டாவை வைத்தார்கள். சிப்பாய் அதை நிஜத் தோட்டா போலவே மேகசின் என்ற தோட்டாப் பெட்டியில் ஏற்றி, போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடலாம். கைக்குப் பழக்கம் வர வேண்டும் என்பதற்காக இத்தனை மெனக்கெட்டிருக்கிறார்கள்!

இப்போது கணக்குக்கு வருவோம். .303 குண்டு 11.3 கிராம், நொடிக்கு சுமார் 740 மீட்டர் வேகம். .22 குண்டு 2.6 கிராம், வேகம் சுமார் 330 மீட்டர். ஆற்றலில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்திலும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. உதைக்குப் பயந்த உடம்பு, டிரிக்கர் விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே துள்ளிவிடும், கண் மூடிக்கொள்ளும். .303ல் இந்தத் துள்ளல் உதையோடு கலந்து மறைந்துபோகும். .22ல் மறைய இடமில்லை. குழல் முனை சட்டென்று தாழ்வதைப் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

இன்னொன்று, குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள்ளேயே கூடுதல் நேரம் இருக்கிறது. அது ஆயிரத்தில் சில பங்கு நொடிதான். ஆனால் டிரிக்கரை இழுத்ததும் கையைத் தளர்த்துகிறவருக்கு அந்த நேரத்தில் குறி தப்பிவிடும். "சுட்ட பிறகும் பிடித்திரு" என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வேகம் குறைந்தால் குண்டு இறங்குவதும் அதிகமாகும். 25 கஜ தூரத்தைக் கடக்க .22 குண்டுக்குச் சுமார் 0.07 நொடி ஆகிறது. அதற்குள் அது ஏறத்தாழ 2.4 சென்டிமீட்டர் கீழே வந்துவிடும். அதே தூரத்தில் .303 அரை சென்டிமீட்டர்தான் இறங்கும். அதனால் குறிகாட்டியின் அளவுகளையும் .22க்கு ஏற்றபடி வைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் இலக்கு. 500 கஜத்தில் நிற்கும் ஆள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிவாரோ, அதே அளவில் 25 கஜத்தில் தெரிய அவர் உருவம் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒன்பது சென்டிமீட்டர் படம். காற்றையும் கானலையும் அந்தப் படத்தால் தர முடியாது. ஆனால் குழல் முனையில் இருக்கும் குறிமுள்ளின் நுனியில் அந்தப் பொடி உருவம் நடுங்கும் விதம், 500 கஜத்தில் நிற்கும் ஆள் நடுங்கித் தெரிவது போலவேதான்.