பத்தே நாளில் நிறுத்தப்படும் மாத்திரை

"பத்து நாளா மாத்திரை போடுறேன் டாக்டர், குமட்டல்தான் மிச்சம், மனசு அப்படியேதான் இருக்கு." மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தைகள் இவை. சொல்லும்போதே சிலர் மருந்தை நிறுத்தியும் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாத்திரையை எழுதித் தரும் நாங்கள்தான் பலன் தெரியத் தாமதமாவதன் காரணத்தையும் முதல் நாளே விளக்கியிருக்க வேண்டும்.

மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டி, ராஃபே எனப்படும் நரம்பணுத் தொகுதிகள் உள்ளன. அங்கிருக்கும் சில லட்சம் நரம்பணுக்களே மூளையின் பெரும்பாலான பகுதிகளுக்கும் தம் இழைகளை நீட்டி, நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனினை வழங்குகின்றன. இழையின் முனைக்கு மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. நுண்பைகள் திறந்து, செரோடோனின் வெளியே கொட்டி, அடுத்த நரம்பணுவின் ஏற்பிகளில் பற்றிக்கொள்கிறது. அந்த ஏற்பிகள் ஏறத்தாழ 14 வகைப்படும். சில வகை நரம்பணுவை அடக்கும், சில தூண்டும். ஒரே ஒரு வகைதான் மின்னூட்டத் துகள்கள் நுழையும் அயனி வாயிலை நேரடியாகத் திறக்கிறது, மற்றவை உயிரணுவுக்குள் வேதிமாற்றங்களை மெல்ல நிகழ்த்தி, பிற சமிக்ஞைகளுக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்பதையே மாற்றுகின்றன. ஆகவே, செரோடோனினுக்குச் சூட்டப்படும் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்ற பட்டத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

வேலை முடிந்த செரோடோனினை, வெளியிட்ட நரம்பணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஃபுளுவாக்சிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் இந்த மீளுறிஞ்சலைத் தடுக்கின்றன. அந்தத் தடை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் ராஃபே நரம்பணுக்களின் மேற்பரப்பில், தம்மைச் சுற்றியுள்ள செரோடோனினின் அளவைக் கவனிக்கும் ஏற்பிகளும் இருக்கின்றன. அளவு கூடியவுடன் அவை கடிவாளம் போல் இழுத்துப் பிடித்து, நரம்பணுவின் துடிப்பைக் குறைத்துவிடுகின்றன. வாரக்கணக்கில் மருந்து தொடரும்போதுதான் இந்த ஏற்பிகளின் உணர்திறன் தளர்ந்து, துடிப்பு பழைய நிலைக்கு மீள்கிறது. தாமதத்திற்கு இதையே முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கருதுகிறோம்.

குமட்டலின் கதை வேறு. உடலின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருப்பதால் மருந்தின் தாக்கம் அங்கே முதலில் தெரிகிறது. பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரத்தில் அது தணிந்துவிடும். குடலிலும் இரத்தத்திலும் உள்ள செரோடோனின் மூளைக்குள் கடந்து செல்வதில்லை என்பதால், இரத்தப் பரிசோதனையில் அதை அளந்து மனச்சோர்வைக் கண்டறியவும் முடியாது. செரோடோனின் குறைவதுதான் மனச்சோர்வு என்ற எளிய விளக்கத்தையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். உடல் வலிக்கு டிரமடால் எடுத்துக்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். இரண்டும் சேரும்போது செரோடோனின் செயல்பாடு மிகுந்து நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரை போகலாம். பல மாதங்கள் சாப்பிட்ட மருந்தைத் திடீரென விட்டால் தலைச்சுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வரக்கூடும்; இதே வகை மருந்துகளில் உடலை விட்டு விரைவில் நீங்கும் பராக்சிடினில் இது அதிகம் என்பதால், அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துகிறோம்.