மெஷின் வாங்குமுன் உங்கள் வேலையை அதில் ஓட்டிப் பாருங்கள்

வேர்க்ஸ்டேஷன் (கனமான கணிப்பு வேலைகளுக்கான கணினி) வாங்க ஆலோசனை கேட்டு வருபவர்களின் விலைப்பட்டியலில் பெரும்பாலும் வேகச் சோதனை எண் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். "இதுக்கு ஸ்கோர் 2400, அதுக்கு 1900. அப்ப இதைத்தானே எடுக்கணும்?" என்பார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் லினக்ஸ் மெஷின்களை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த எண் எந்த வேலையைச் செய்து வந்தது? அந்த வேலையையா நீங்கள் தினமும் செய்யப்போகிறீர்கள்? ஒரு மெஷினின் விலை ஒரு சின்ன அலுவலகத்தின் பல மாதச் சேமிப்பு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்தச் சிக்கல் யூனிக்ஸ் வேர்க்ஸ்டேஷன்கள் சந்தைக்கு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. டெக் நிறுவனம் 1977இல் வெளியிட்ட வாக்ஸ் 11/780 கணினியை "ஒரு மிப்ஸ்" (விநாடிக்குப் பத்து இலட்சம் கட்டளைகள்) என்று வைத்துக்கொண்டு, மற்றவை அதைவிட எத்தனை மடங்கு வேகம் என்று சொல்வது வழக்கமாக இருந்தது. 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய ட்ரைஸ்டோன் என்ற சோதனை நிரல் அதற்குக் கைகொடுத்தது. வாக்ஸில் அது விநாடிக்கு 1757 முறை ஓடும். உங்கள் மெஷினில் வரும் எண்ணை 1757ஆல் வகுத்தால் மிப்ஸ் கிடைத்துவிடும். ஆனால் ட்ரைஸ்டோன் மிகச் சிறிய நிரல். முழுதும் செயலியின் (புரோசஸரின்) கேஷ் எனும் சிறிய, வேகமான உள்நினைவகத்துக்குள் அடங்கிவிடும். அதன் நேரத்தில் பெரும் பங்கு எழுத்துச் சரங்களை நகலெடுப்பதிலும் ஒப்பிடுவதிலும் போகிறது. ஆகவே கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருந்தால், வன்பொருளில் எதுவும் மாறாமலே எண் ஏறிவிடும்.

இதற்கு மாற்றாகத்தான் 1988இல் சன், எச்.பி., அப்பல்லோ, மிப்ஸ் (மேலே சொன்ன அளவு அல்ல, அதே பெயருள்ள நிறுவனம்) ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஸ்பெக் என்ற வேகச் சோதனை அமைப்பைத் தொடங்கின. அடுத்த ஆண்டு வந்த ஸ்பெக்89 தொகுப்பில் 10 நிரல்கள். ஓரளவு உண்மையான வேலைகளிலிருந்து எடுத்தவை. அதிலும் ஒன்று மாட்டிக்கொண்டது. மேட்ரிக்ஸ்300 என்ற அணிப்பெருக்கல் நிரலைக் கம்பைலர்கள் துண்டு துண்டாகப் பிரித்துக் கேஷுக்குள் ஓட்டக் கற்றுக்கொண்டன. அந்த ஒரு நிரலின் எண் பல மடங்கு எகிறி, மெஷினின் மொத்தச் சராசரியையும் இழுத்துக்கொண்டு போனது. ஸ்பெக்92இல் அதைத் தூக்கிவிட்டார்கள். அளவுகோல் இதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், கம்பைலர் எழுதுபவர்களின் உழைப்பு அந்த அளவுகோலை நோக்கியே போகும். அதை இப்போதும் காண்கிறோம்.

இன்று நம் பக்கம் அதிகம் புழங்குவது யூனிக்ஸ்பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு, இலவசம் என்பதால். 1983இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பைட் சஞ்சிகை மூலம் வளர்ந்த தொகுப்பு இது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 20-61 என்ற பழைய வேர்க்ஸ்டேஷனுக்கு 10 புள்ளி என்று வைத்து மற்றவற்றை அளக்கிறது. அப்படியென்றால் 2400 என்பது அந்தப் பழைய மெஷினைப் போல 240 மடங்கு. எதில் 240 மடங்கு? ட்ரைஸ்டோன், வெட்ஸ்டோன் (தசம எண் கணக்குச் சோதனை), புதிய புரோசஸ் உருவாக்கல், பைப் வழியே ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு அனுப்பல், ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு), சிஸ்டம் கால் (நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்பது), கோப்பு நகலெடுத்தல் ஆகியவற்றின் பெருக்கல் சராசரியில். நகலெடுக்கும் சோதனையின் முக்கியமான கோப்பு சுமார் 2 மெகாபைட்தான். அது ராமிலேயே தங்கிவிடும். வன்தட்டு மெதுவான சுழல்தட்டா, புதிய எஸ்.எஸ்.டி.யா என்பது அந்த எண்ணில் ஏறக்குறைய தெரியாது. வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடுகள் வெளிவந்தன. அவற்றை அடைக்க லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் செய்த திருத்தங்கள் சிஸ்டம் கால்களை மெதுவாக்கின. அதற்கு முன் யாரோ எடுத்த எண்ணையும் இன்றைய கெர்னலில் நீங்கள் எடுக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒரே மெஷினாக இருந்தாலும்கூட.

வெள்ள வரைபடம் தயாரிக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணா, புதுசுக்கு ஸ்கோர் கூடத்தானே, பிறகு ஏன் பழையதைவிடப் பிந்துது?" மாரிகாலத்தில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றி எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று சென்டினல்-1 செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிடுவது அவருடைய வேலை. ஒவ்வொரு படமும் ஜிகாபைட் கணக்கில். செயலி நல்லதுதான். ஆனால் நான்கு ராம் சேனல் (ராமுக்கும் செயலிக்கும் இடையே தரவு போகும் பாதை) உள்ள அந்த மெஷினில் ஒரேயொரு ராம் துண்டு போட்டு விற்றிருந்தார்கள். குளத்துக்கு நான்கு மதகு இருந்தும் ஒன்றை மட்டும் திறந்து வயலுக்குப் பாய்ச்சுவது போன்ற நிலை. கேஷுக்குள் அடங்கும் ட்ரைஸ்டோனுக்கு இது தெரியவே தெரியாது. பெரிய படங்களுக்கு அதுதான் கழுத்தை நெரித்தது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரீம் என்ற சின்னச் சோதனை போதும். ஜோன் மெக்கல்பின் எழுதியது. நினைவகத்திலிருந்து விநாடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பதை மட்டும் அளக்கும். ஒரு நிபந்தனை: அது பாவிக்கும் ஒவ்வொரு அணியும் (எண்களின் வரிசை) செயலியின் மொத்தக் கடைசிநிலைக் கேஷைப் போல குறைந்தது 4 மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கேஷின் வேகத்தை ராமின் வேகம் என்று நம்பிவிடுவோம். கொழும்பிலிருந்து வரும் பாவித்த ஸியோன் (இன்டெல்லின் செயலி வகை) மெஷின்களில் இந்தச் சோதனையை ஓட்டாமல் காசு கொடுக்காதீர்கள். ராம் எத்தனை ஜிபி என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை துண்டாக, எந்தெந்த ஸ்லொட்டில் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது வெக்கை. ஏசி அறையில் எடுத்த எண் உங்கள் அலுவலகத்தில் வராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் அறைக்குள்ளேயே 35 பாகை தாண்டும். செயலியின் வெப்பம் எல்லையைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யூனிக்ஸ்பெஞ்சின் ஒவ்வொரு சோதனை ஓட்டமும் 10, 30, 60 விநாடி என்று போகும். உங்கள் வேலை மதியம் முழுக்க ஓடும். ஆகவே மெஷின் வைக்கப்போகும் அதே அறையில், நடுப்பகலில், குறைந்தது ஒரு மணிநேரம் எல்லாக் கோர்களுக்கும் (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) வேலை கொடுத்து, வேகம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். முதல் நிமிடத்து எண்ணைவிட அறுபதாவது நிமிடத்து எண்ணைத்தான் நான் நம்புவேன்.

மின்வெட்டும் கணக்கில் வரவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது நமக்கு மறக்காது. இரவு முழுக்க ஓடும் கணிப்பு இடையில் நின்று, முதலிலிருந்து தொடங்க வேண்டிவந்தால், பத்து வீதம் கூடிய வேகத்தால் ஒரு பயனும் இல்லை. அந்தக் காசை நல்ல யுபிஎஸ்ஸில் போடலாம்.

சரி, எதைத்தான் ஓட்டுவது? உங்கள் சொந்த வேலையை. உண்மையான கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லினக்ஸில் கட்டளைக்கு முன் டைம் என்று சேர்த்தால் ரியல் (கடந்த மொத்த நேரம்), யூசர் (செயலி உங்கள் நிரலுக்குச் செலவிட்டது), சிஸ் (அதற்காகக் கெர்னலுக்குச் செலவிட்டது) என்று மூன்று நேரம் வரும். ஒரே கோரில் ஓடும் வேலையில், யூசரையும் சிஸ்ஸையும் கூட்டியதைவிட ரியல் மிகக் கூடுதலாக இருந்தால், செயலி சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. தட்டையோ வலையமைப்பையோ பாருங்கள். பல கோர்களில் ஓடினால் யூசர் ரியலைவிடக் கூடும், அது நல்ல அறிகுறி. ஒரு தடவையோடு விட வேண்டாம். முதல் ஓட்டத்தில் தரவு தட்டிலிருந்து வரும், பிறகு ராமிலிருந்து. இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்விப்பத்திரம் (டெண்டர்) எழுதும் நிறுவனங்கள் ஸ்பெக் எண்ணைக் கேட்பதில் தவறில்லை. "பேஸ்" என்ற எண்ணைக் கேளுங்கள். அதில் ஒரே மொழியில் எழுதிய எல்லா நிரல்களுக்கும் ஒரே கம்பைலர் தெரிவுகளைத்தான் பாவிக்கலாம். "பீக்" எண்ணுக்கு ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே மெருகேற்ற அனுமதி உண்டு. அப்படி மெருகேற்ற நம் அலுவலகங்களில் யாருக்கும் நேரமில்லை.

முடிவுகளை எழுதும்போது கெர்னல் பதிப்பு, கம்பைலர் பதிப்பு, ராம் பொருத்திய விதம், அறை வெப்பம் நான்கையும் சேர்த்து எழுதி, தாளை மெஷினின் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றும் தூசும் ஓரிரு வருடத்தில் மின்விசிறியைப் பிடித்துவிடும். அப்போது மெஷின் மெதுவாகிவிட்டது என்று தோன்றினால், அதே சோதனையை ஓட்டித் தாளோடு ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் எண் சரியாக இருந்து, ஓட ஓடக் குறைந்தால், தூசைத் துடைத்து வெப்பப் பசையை மாற்றினாலே போதும். புது மெஷினுக்குக் காசு தேட வேண்டியதில்லை.